மலை சைக்கிள்: செயின், அச்சு, பிறேக் பழுதாவதும் திருத்துவதும்

2022 ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, வீட்டு மூலைகளில் துருவேறிக் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. இல்லாதவர்கள் தேடி அலைந்து வாங்கினார்கள். தடித்த ரயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் கொண்ட ‘மவுண்டன் பைக்’குகளும் அப்போது பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பழைய ஒற்றைப் பற்சில்லு சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்துத் தாமே திருத்தப் பழகியவர்களுக்கும் இவற்றின் கியரும் டிஸ்க் பிறேக்கும் புதியவை. பெற்றோல் திரும்பி வந்ததும் சில மறுபடி மூலைக்குப் போய்விட்டன. வேலைக்கும் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் இன்னமும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்காக எழுதப்படுவது இது.

இந்தச் சைக்கிள்களில் விலை குறைந்த பாகத்தைக் கவனிக்காமல் விட்டால் அது விலை கூடிய பாகத்தைத் தின்றுவிடும். தேய்ந்த செயின் பற்சில்லைத் தின்னும். தளர்ந்த கோன் ஹப்பைத் தின்னும். முடிந்துபோன பிறேக் கட்டை டிஸ்க்கைத் தின்னும்.

செயினும் கியரும்

செயின் இழுபட்டு நீள்கிறது என்பார்கள். உண்மையில் உலோகம் இழுபடுவதில்லை. இணைப்புகளை ஊடுருவி நிற்கும் ஊசிகள் உள்ளுக்குள் தேய்வதால், ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடி மொத்த நீளம் அதிகரிக்கிறது. தேய வைப்பது மண். எண்ணெயுடன் மணல் கலந்தால் அது அரைக்கும் பசை. வன்னியின் செம்மண் தூசியிலும் கடற்கரை மணலிலும் ஓடும் சைக்கிளுக்குக் கூடக்கூட எண்ணெய் விடுவது நல்லதென்று நினைப்பவர்கள் இந்தப் பசையைத்தான் பெருக்குகிறார்கள்.

முதலில் பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கறுப்பு போகும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். மிகவும் அழுக்கென்றால் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர விடுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, சில நிமிடம் கழித்து வெளிப்புறத்தை மீண்டும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டியது, வெளியே தெரிய வேண்டியதில்லை. கிறீஸும் இயந்திரத்திலிருந்து வடித்த பழைய ஒயிலும் வேண்டாம். துருப்பிடித்த நட்டைக் கழற்றத் தெளிக்கும் ஸ்பிரே செயினுக்கு எண்ணெய் ஆகாது. இருக்கிற எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

தேய்வை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. 12 அங்குல இரும்பு அடிமட்டம் போதும். புதிய செயினில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து எண்ணி 24ஆவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம். 1/8 அங்குலம் தள்ளி நின்றால் பின் பற்சில்லுகளும் பெரும்பாலும் போய்விட்டன. இரண்டு மாரியாக அளக்காமல் ஓடிவிட்டுப் புதுச் செயினோடு கடைக்குப் போனபோது, அங்கிருந்த வயதானவர் பற்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதை மட்டும் மாத்தினா வழுக்கும். சேர்த்துத்தான் மாத்தவேணும்.” அவர் சொன்னபடியே ஆயிற்று.

வழுக்குதலிலும் வகை உண்டு. பலமாக மிதிக்கும்போது ஒரு குறிப்பிட்ட பற்சில்லில் மட்டும் வழுக்கினால் அந்தப் பல் தேய்ந்துவிட்டது. எல்லாக் கியரிலும், சில சுற்றுக்கு ஒருமுறை ஒழுங்காகத் துள்ளினால் செயினில் ஓர் இணைப்பு இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் அது மடங்காமல் வருவது கண்ணுக்குத் தெரியும். பெரிய பற்சில்லுக்கு ஏறத் தயங்கிக் கரகரத்தால் கியர் வயர் தளர்ந்திருக்கிறது. வயர் வந்து சேருமிடத்தில் உள்ள சிறிய குமிழை, வெளியே கழன்று வரும் பக்கமாக அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். அரைச் சுற்றுத்தான். அதற்கும் அசையாவிட்டால், உறைக்குள் வயர் துருப்பிடித்திருக்கலாம்.

செயின் பெரிய பற்சில்லையும் தாண்டிக் கம்பிகளுக்குள் விழுவது ஆபத்தானது, சில்லு அப்படியே நின்றுவிடும். கியர் மாற்றியில் ‘எல்’, ‘எச்’ என்று இரண்டு சிறிய திருகாணிகள் இருக்கும். ‘எல்’ கம்பிப் பக்கம் போகாமல் தடுக்கிறது, ‘எச்’ வெளிப்பக்கம். ஆனால் இவற்றைத் தொடுவதற்கு முன் சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். கியர் மாற்றியின் இரு சிறு உருளைகளும் மேலேயுள்ள பற்சில்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்திருந்தால் கியர் மாற்றி தொங்கும் கொக்கி வளைந்திருக்கும். அலுமினியச் சட்டங்களில் அது வளைவதற்கென்றே மென்மையாகச் செய்யப்பட்ட தனித் துண்டு. அது நிமிராமல் திருகாணிகளை எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

அச்சு

பின் அச்சு முறிந்தால் ‘தரமில்லாத இரும்பு’ என்று திட்டுவது வழக்கம். பாதிப் பிழை அமைப்பில் இருக்கிறது. விலை குறைந்த 6, 7 கியர் சைக்கிள்களில் பற்சில்லுத் தொகுதி பிறீவீலாக ஹப்பின் மேல் திருகப்பட்டிருக்கும். அதனால் வலப்பக்கத்துப் போல்ஸ் சட்டத்திலிருந்து தூரமாக, பற்சில்லுகளுக்கும் உட்புறமாகப் போய்விடுகிறது. பற்சில்லுகள் இருக்கும் அகலம் முழுவதும் 10 மில்லிமீற்றர் அச்சு தாங்கலின்றி நிற்கிறது. ஷிமானோ நிறுவனம் 1978இல் கொண்டுவந்த பிறீஹப் அமைப்பு இந்தப் போல்ஸை வெளி ஓரத்துக்கு நகர்த்தியது. ‘கசற்’ பூட்டிய சில்லுகளில் அச்சு முறிவது அதனால்தான் அரிது. பிறீவீல் சைக்கிளின் கரியரில் அரிசி மூட்டையோ ஆளோ ஏற்றுபவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நட்டுக்குப் பதிலாக நெம்பினால் இறுக்கும் சில்லுகளில் அச்சு துளையுள்ளது. அதற்குள் 5 மில்லிமீற்றர் கம்பி ஒன்று ஓடும். அச்சு இரண்டாக முறிந்தாலும் அந்தக் கம்பி பிடித்து வைத்திருப்பதால் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கும். சில்லு சற்றுச் சரிந்து ஒரு பக்கம் உரசும், அவ்வளவுதான். காரணம் தெரியாமல் ரிம்மின் கம்பிகளை இறுக்குவார்கள். கம்பியை உருவிப் பார்த்தால் அச்சு இரு துண்டாகக் கையில் வரும்.

சில்லின் மேற்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடத்தால் கோன் தளர்ந்திருக்கிறது. உடனே இறுக்காவிட்டால் கோனில் குழி விழும். குழி ஹப்பின் கிண்ணத்துக்கும் பரவினால் ஹப்பையே மாற்ற வேண்டும். திறந்தால் போல்ஸ் முழுவதையும் மாற்றுங்கள். வழக்கமாகப் பின்னுக்குப் பக்கத்துக்கு 9, 1/4 அங்குலம். முன்னுக்குப் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். நெம்பு வகை அச்சை இறுக்கும்போது கையில் மிகச் சிறிய ஆட்டம் விட வேண்டும். சட்டத்தில் பூட்டி நெம்பை மடக்கும் அழுத்தத்தில் அது மறைந்துவிடும். வெள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளின் ஹப்பை அந்த வாரமே திறந்து பாருங்கள்.

நெம்பைச் சுற்றி இறுக்குவது பிழை, மடக்க வேண்டும். பாதி மடங்கியதிலிருந்து எதிர்ப்புத் தெரிந்து, முழுக்க மடக்கியதும் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். டிஸ்க் பிறேக் முன் சில்லைக் கீழ்நோக்கித் தள்ளக்கூடியது. தளர்ந்த நெம்புடன் பலமாகப் பிறேக் பிடித்தால் சில்லு கழன்று போகலாம். புதிய மலை சைக்கிள்களில் முன்னுக்கு 15, பின்னுக்கு 12 மில்லிமீற்றர் தடிமனில் ஊடுருவிப் பூட்டும் அச்சு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறேக்

ரிம்மைப் பிடிக்கும் பிறேக்கில் பார்க்க வேண்டியது கட்டை மட்டுமல்ல. ரிம்மின் பக்கவாட்டில் விரலை வைத்துப் பாருங்கள். குழிந்திருந்தால் ரிம் மெலிந்துவிட்டது, ரயர் காற்றழுத்தத்தில் ஒருநாள் வெடித்துப் பிளக்கும். கட்டையில் பதிந்த மணலை ஊசியால் கிள்ளி எடுங்கள்.

வயரில் இயங்கும் டிஸ்க் பிறேக்குகள் பலவற்றில் வெளிக் கட்டை மட்டுமே அசைந்து டிஸ்க்கை உட்கட்டையோடு அழுத்தும். கட்டை தேயத் தேய வயரை மட்டும் இறுக்கிக்கொண்டு போவது எல்லோரும் செய்யும் தவறு. உட்கட்டையையும் அதன் திருகாணியால் டிஸ்க்குக்கு அருகே கொண்டுவர வேண்டும். உலோகத் தகட்டுக்கு மேல் 0.5 மில்லிமீற்றர் மிஞ்சினால் கட்டை முடிந்தது. ஷிமானோ டிஸ்க்கின் தடிப்பு 1.5 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது.

எண்ணெயில் இயங்கும் பிறேக்கில் நம் ஊரில் நடக்கக்கூடிய பெரிய விபரீதம் வேறு. ஷிமானோவுக்கு மினரல் ஒயில். சிராம் பிறேக்குகள் பலவற்றுக்கு டொட் வகை. மோட்டார் சைக்கிளுக்குப் பயன்படுவதும் டொட்தான், எந்தக் கராஜிலும் அந்தப் போத்தல் இருக்கும். அதை மினரல் ஒயில் பிறேக்கில் ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, முழுத் தொகுதியும் வீணாகும். மூடியிலோ பிடியிலோ பெயர் எழுதியிருக்கும், கொடுக்கும் முன் காட்டுங்கள். சில்லைக் கழற்றியிருக்கும்போது பிடியை அழுத்தாதீர்கள், கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பிடி பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று.

கிறீச்சிட்டுக்கொண்டு பிடிக்காமல் போனால், பெரும்பாலும் செயினுக்குத் தெளித்த எண்ணெய் டிஸ்க்கில் பட்டிருக்கிறது. டிஸ்க்கைச் சுத்தமான ஸ்பிரிட்டால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த கட்டையை அரத்தாள் போட்டு மீட்பது எப்போதாவதுதான் பலிக்கும்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்குபவர்கள் பிறேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே போகக்கூடாது. டிஸ்க்கும் கட்டையும் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் இரண்டு பிறேக்கையும் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டு ஆறவிடுங்கள். புதிய கட்டை போட்ட அன்றே அந்த இறக்கத்துக்குப் போகவும் வேண்டாம். சமதரையில் வேகமாக ஓடி, முழுதாக நிற்காமல் மெதுவாகும்வரை பிடித்து, இப்படி இருபது தடவையாவது செய்த பிறகுதான் கட்டையும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும்.