கோவிவன் என்றொரு நாய்

நாய் நன்றியுள்ள பிராணி. மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்து இந்த ஒரு வரியை நாம் எல்லோரும் எத்தனை முறை எழுதியிருப்போம்! அதற்கு அடுத்த வரி என்னவென்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சோறு போட்டால் வாலாட்டும், 'உட்கார்' என்றால் உட்காரும், அவ்வளவுதான் நன்றி என்று நினைத்துக்கொண்டே கல்லூரி வரை வந்துவிடுகிறோம்.

ஆனால் ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்பு, நம்ம கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரக்கூடிய ஒரு ஊரில், ஒரு நாயைப் பற்றி வேறு மாதிரியான ஒரு வரியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த நாயைப் பற்றியும், எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னட நாட்டில் இருந்த இன்னொரு நாயைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. இரண்டுமே சொல்பேச்சு கேட்டதற்காகப் புகழ் பெற்றவை அல்ல. தானாக முடிவெடுத்ததற்காகப் பெயர் வாங்கியவை.

முதலில் நடுகல் என்றால் என்ன?

போரில் இறந்தவன், மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்து இறந்தவன், புலியோடு சண்டை போட்டு இறந்தவன்... இவர்களின் நினைவாக நடப்படும் கல்தான் நடுகல். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை இதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நடுகல் அதிகம் கிடைக்கும் பகுதி எது தெரியுமா? தஞ்சாவூரோ மதுரையோ இல்லை. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரம்தான்.

காரணம் எளிது. இது நெல் வயல் நாடு இல்லை, மேய்ச்சல் நாடு. இங்கே செல்வம் என்றால் மாடு. தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் உண்டு. வீட்டைப் பூட்டலாம், நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் மாடு நாலு கால் உள்ள சொத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அதனால்தான் மாடு பிடிப்பதும் மீட்பதும் இங்கே போராகவே நடந்தது. அதில் செத்தவர்கள் கல்லானார்கள். பல ஊர்களில் அந்தக் கற்களுக்கு இன்றும் 'வேடியப்பன்' என்ற பெயரில் பூசை நடக்கிறது. கும்பிடுகிறவர்களுக்குக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் பொங்கல் வைப்பது நிற்கவில்லை.

எடுத்தனூர் கல்

ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டினால் செங்கம். அந்த வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தேடிப் படியெடுத்து, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலாகவே வெளியிட்டது. அப்போது இரா. நாகசாமி அந்தத் துறையின் இயக்குநர். அந்தக் கற்களில் ஒன்றுதான் எடுத்தனூர் கல்.

வட்டெழுத்தில் உள்ள அதன் செய்தி சுருக்கமாக இதுதான். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டு (அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி). வாணகோ அரையர் என்ற சிற்றரசர். அவருடைய மருமகன் பொற்றொக்கையார். அவரிடம் இருந்த இளம் வீரன் கருந்தேவகத்தி. தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் அவன் இறந்துபோனான். அவனுக்கு நட்ட கல் இது.

இதோடு முடிந்திருந்தால் இது நூற்றோடு நூற்றொன்று. ஆனால் கல்லில் வீரனுடைய உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. வீரனைப் பற்றிய செய்தி முடிந்த பிறகு நாய்க்கென்று தனியாக ஒரு வரியும் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதை அது சொல்கிறது.

இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒன்று, நாய்க்குப் பெயர் இருக்கிறது. கள்ளர்களுக்குப் பெயர் இல்லை, 'இரண்டு' என்ற எண்ணிக்கை மட்டும்தான். அந்தக் காலத்தில் கல்லில் பெயர் ஏறுவது சின்ன விஷயம் இல்லை. அரசன், சிற்றரசன், அவன் மருமகன், வீரன் என்று இறங்கி வரும் வரிசையில் ஐந்தாவது பெயர் ஒரு நாயினுடையது!

இரண்டு, அந்தப் பெயரைப் பாருங்கள். கோவிவன். இலக்கணப்படி நாய் அஃறிணை. பெயரோ 'அன்' விகுதியோடு ஆண்பிள்ளைப் பெயர் மாதிரியே இருக்கிறது. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்று, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கல்லில் உள்ள சொல் 'காத்திருந்தவாறு'. இன்று 'காத்திரு' என்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது. அந்தக் கல்லில் அது இரண்டு வேலை. காத்தது, இருந்தது. கடித்துவிட்டு ஓடவில்லை. காவல் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தது. நாய் செத்துப்போனதாக அந்த வரியில் இல்லை. எசமான் விழுந்துவிட்டான், கட்டளையிட ஆள் இல்லை. இனி என்ன செய்வது என்பதை அந்த நாய்தான் முடிவு செய்ய வேண்டும். அது முடிவு செய்தது.

நாய்க்கெல்லாம் கல்லில் இடமா என்று ஆச்சரியப்பட வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கிறது. வீரம் எங்கே இருந்தாலும் வீரம்தான் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்: காளி

இப்போது முந்நூறு வருஷம் தள்ளி, கன்னட நாட்டுக்கு வருவோம்.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வீராணம் ஏரி தெரியும். அதை வெட்டியவன் என்று சொல்லப்படும் சோழ இளவரசன் ராஜாதித்தன், முதலாம் பராந்தகனின் மகன். கி.பி. 949இல் தக்கோலத்தில் (அரக்கோணம் பக்கம்) ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் யானை மேலிருந்தபடியே உயிர்விட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று சோழர் கல்வெட்டுகள் சொல்வது அவனைத்தான். அவனைக் கொன்றவன் கிருஷ்ணனின் மைத்துனனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகன்.

இந்தப் போரில் பூதுகனுக்குத் துணையாக நின்று சண்டையிட்டவன் மணலேரன் என்ற வீரன். மகிழ்ந்துபோன பூதுகன், 'என்ன வேண்டும், கேள்' என்கிறான். ஒரு பேரரசையே தோற்கடித்த நேரம். என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது அரசனிடம் இருந்த 'காளி' என்ற வேட்டை நாயை!

அரசன் கொடுத்தான். பிறகு பேள்தூருக்கு மேற்கே ஒரு குன்றில் அந்த நாயைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் மேல் ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று இரண்டுமே செத்தன. மணலேரன் ஆதகூரில் (இன்றைய மண்டியா மாவட்டம்) கோயில் முன்னால் தன் நாய்க்குக் கல் நட்டான். நிலமும் விட்டான். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் அங்குள்ள பூசாரி சாப்பிட்டால் பாவம் என்றும் எழுதி வைத்தான். கல்லின் மேல்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

சரித்திர ஆசிரியர்களுக்கு இந்தக் கல் முக்கியமான ஆதாரம். தக்கோலப் போரைப் பற்றியும் ராஜாதித்தன் இறந்ததைப் பற்றியும் இது பேசுகிறது. சோழர் வரலாற்றின் பெரிய தோல்வி ஒன்றுக்கு ஒரு நாயின் நினைவுக்கல் சாட்சி சொல்கிறது என்றால் பாருங்கள் :-)

எடுத்தனூரில் ஆள் செத்தான், நாய் நின்றது. ஆதகூரில் நாய் செத்தது, ஆள் நின்று கல் நட்டான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நன்றி என்பது ஒருவழிப்பாதை இல்லை என்று தெரிகிறது. நாய்தான் மனிதனுக்கு நன்றி காட்ட வேண்டும் என்று நாம் மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கீழ்ப்படிதலா, பொறுப்பா?

நாய்களில் வேலைக்குத் தகுந்தபடி புத்தி வேறுபடும். ஆடுகளை வளைத்து ஓட்டும் நாய், மேய்ப்பவனின் விசிலுக்கும் கைச்சைகைக்கும் ஏற்பத் திரும்பும். ஆனால் பட்டியைக் காவல் காக்கும் நாய்க்கு அப்படி இல்லை. நரியோ திருடனோ வரும்போது மேய்ப்பவன் தூங்கிக்கொண்டிருப்பான். எப்போது குரைப்பது, எப்போது பாய்வது, துரத்திக்கொண்டு எவ்வளவு தூரம் போவது, ஆடுகளை விட்டுவிட்டுப் போகலாமா கூடாதா, எல்லாம் அதன் கணக்குதான். வேட்டை நாயும் அப்படியே. சிப்பிப்பாறை, முதோல் போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்துபவை. ஓட ஆரம்பித்துவிட்டால் எசமானின் குரல் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அங்கே முடிவு நாயுடையதே.

இப்படிப்பட்ட நாய்களை வளர்ப்பவர்கள் சொல்லும் புகார் ஒன்றே ஒன்றுதான்: சொன்னால் கேட்காது! பந்தை எறிந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதை மந்தம் என்று நினைப்பார்கள். உண்மையில் பல தலைமுறைகளாக நாம்தான் அவற்றைத் தானாக யோசிக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்தோம். காட்டில் தானாக யோசிக்க வேண்டும், வீட்டில் மட்டும் யோசிக்கவே கூடாது என்றால் எப்படி? பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களுக்குக் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று, ஆபத்தான நேரத்தில் கட்டளையை மீறுவது. 'போ' என்றாலும் எதிரே வண்டி வந்தால் போகாது. அந்த மீறலில்தான் மனிதனின் உயிர் இருக்கிறது.

நான் காமர்ஸ் மாணவன், அதனால் இதைக் கொஞ்சம் எங்கள் பாஷையிலும் சொல்லிவிடுகிறேன். முதலாளி பார்க்காதபோது ஏஜென்ட் ஒழுங்காக வேலை செய்வானா என்பது எங்கள் பாடத்தில் பெரிய தலைவலி. அதற்காகத்தான் ஆடிட், கமிஷன், போனஸ், சிசிடிவி கேமரா எல்லாம். கோவிவன் விஷயத்தில் முதலாளி பார்க்கவில்லை என்பது மட்டுமில்லை, முதலாளியே உயிரோடு இல்லை. சம்பளம் தர ஆள் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. அப்போதும் வேலை நடந்தது. இதை எந்த ஒப்பந்தத்தில் எழுத முடியும்? இன்னொரு வேடிக்கை, இன்றைய கணக்கியல் தரங்களின்படி பால் பண்ணையின் மாடு 'உயிரியல் சொத்து'. அதே பண்ணையைக் காக்கும் நாய் அந்தத் தலைப்பில் வராது, இயந்திரம் தளவாடங்களோடு சேர்ந்துவிடும்! எடுத்தனூர்க்காரர்கள் வைத்த கணக்கு இதைவிட நேர்மையானது. எருமைகள் எத்தனை என்று அவர்கள் எழுதவில்லை, நாயின் பெயரை எழுதினார்கள்.

ஜப்பானின் ஹச்சிகோவை எல்லோருக்கும் தெரியும். 1925இல் எசமானர் இறந்தபிறகும் 1935இல் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த நாய். சிலை வைத்தார்கள், சினிமா எடுத்தார்கள், நாமும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். தப்பில்லை. ஆனால் அதற்குச் சுமார் 1300 வருஷங்களுக்கு முன்பே நம்ம பக்கத்தில் ஒரு நாய் காத்து இருந்தது. அதன் பெயர் நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்றைய ஓசூரில்

1970களில் சிப்காட் வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட், 1987இல் டைட்டன் கடிகாரம் என்று மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டை ஆனது. எங்களுக்கெல்லாம் சோறு போடுவது அதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லேஅவுட் போட ஜேசிபி இறங்கும்போதும், கிரானைட்டுக்காகப் பாறை உடைபடும்போதும், ஓரமாகக் கிடக்கும் உருவம் செதுக்கிய பலகைக்கல்லை யார் கவனிப்பது? வேடியப்பனாகப் பூசை நடக்கும் கல்லுக்கு ஆள் இருக்கிறது. பூசை நின்றுபோன கல் துணி துவைக்கவும் வாய்க்காலுக்குப் பாலமாகவும் போய்விடுகிறது. அதில் இன்னொரு கோவிவன் இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

உயிருள்ள நாய்களின் கதையும் சிக்கல்தான். 2025இல் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டிலும் நவம்பரிலும் தந்த உத்தரவுகளால் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வெறிநாய்க்கடி உயிரைக் கொல்லும், கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் போய் வரலாறு பேச முடியாது. தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்காக நடந்தே ஆக வேண்டும். அதே சமயம், நைட் ஷிப்டில் கம்பெனி கேட் பக்கம் போய்ப் பாருங்கள். செக்யூரிட்டி அண்ணன் தன் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்து வைக்கும் சோற்றுக்காக ஒரு நாய் இருக்கும். அதை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. ஆனால் அவர் கண் அசந்த நேரத்தில் முதலில் குரைப்பது அதுதான்.

காளியின் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வேலைக்கும் ஷாப்பிங்குக்கும் அடிக்கடி போகிறவர்கள் ஒருநாள் எட்டிப் பாருங்கள். நடுகற்களைப் பார்க்க அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலேயே வரிசையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் எல்லையில் வேடியப்பன் கல் இருந்தால், அடுத்தமுறை கும்பிடும்போது வீரனின் காலடியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

மூன்றாம் வகுப்புக் கட்டுரையின் இரண்டாவது வரியை இனி இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். நாய் நன்றியுள்ள பிராணி. ஆனால் நாம் சொன்னதைச் செய்வது அந்த நன்றி இல்லை. சொல்ல நாம் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்பதே நன்றி.