கிரேக்கர் பந்தியும் நம் வீட்டு அடுப்பும்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள பெரிய கடைகளில் இன்று ஒலிவ எண்ணெய்ப் புட்டிகளும், 'கிரேக்கத் தயிர்' என்று பெயர் எழுதிய சிறு கிண்ணங்களும் பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்துவிட்டன. எல்லை கடந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் இளையோர், அங்கே உண்டு பழகிய கிரேக்க உணவுகளைத் தம் வீட்டு அடுப்பிலும் சமைத்துப் பார்க்கின்றனர். வீட்டின் மூத்தோரில் சிலர் இதைப் புதுமை மோகம் என்கின்றனர். வேறு சிலர் பணம் மிகுந்ததால் வந்த வீண் ஆடம்பரம் என்கின்றனர். இரண்டு தீர்ப்பையும் சற்றுத் தள்ளிவைத்து, வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கிரேக்கர் அடுப்புக்கும் தமிழர் அடுப்புக்கும் இடையே உள்ள உறவு நேற்றுத் தொடங்கியதன்று. அதைவிட முதன்மையானது ஒன்றுண்டு: நம் நற்செய்தி நூல்கள் எழுதப்பட்ட மொழியே அந்தக் கிரேக்கப் பந்தியின் மொழிதான்.

ஒரே கடல், இரண்டு அடுப்புகள்

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழி வணிகர் ஒருவர் எரித்திரேயக் கடற்பயணக் கையேடு ஒன்றை எழுதினார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, கையேடு கிடைத்துள்ளது. சேர நாட்டு முசிறிக்கு ஏற்றிச்செல்லும் சரக்குகளைப் பட்டியலிடும் அவர், திராட்சை மது கொஞ்சம் செல்லும் என்கிறார். தானியமும் கப்பலில் ஏற்றப்படுகிறது. ஆனால் அது கப்பலோடு தொடர்புடையவர்களின் உணவுக்கு மட்டுமே, ஏனெனில் அங்குள்ள வணிகர் அதைப் பயன்படுத்துவதில்லை என்றும் குறிக்கிறார். சிறு குறிப்புதான், எனினும் எவ்வளவு உயிருள்ள குறிப்பு! அரிசிச் சோறு மணக்கும் துறைமுகத்திற்கு யவன மாலுமி தன் தானியத்தைத் தானே சுமந்து வருகிறான். அவரவர்க்கு அவரவர் அடுப்பு.

ஆயினும் அந்த இரண்டு அடுப்புகளும் ஒன்றையொன்று அறியாமல் இல்லை. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, நடுநிலக் கடல் நாடுகளிலிருந்து மது முதலியவற்றைச் சுமந்துவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைவுகள் வெளிப்பட்டன. எதிர்த்திசையில் சென்றது மிளகு. எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள பெரனிக்கே என்னும் பழந்துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்திய மட்சாடி ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மிளகாகவே எடுக்கப்பட்டது. இதே கடல்வழியாகவே திருத்தூதர் தோமா கி.பி. 52இல் முசிறிக்கு வந்தார் என்பது நம் மரபு.

சரக்கோடு சொல்லும் பயணம் செய்தது. கிரேக்கர் இஞ்சியைச் சிங்கிபெரிஸ் என்றனர். அச்சொல்லின் அடியில் 'இஞ்சிவேர்' இருப்பதாக மொழியறிஞர் காட்டுகின்றனர். அரிசியைக் குறிக்கும் ஒருசா என்ற கிரேக்கச் சொல் தமிழிலிருந்து சென்றது என்பர் சிலர். பாரசீக வழியாகச் சென்றது என்பர் வேறு சிலர்.

தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் நம் பகுதிக்கு இன்னொரு செய்தி சுவையூட்டும். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரத்து மணல்மேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் ஏடு ஒன்றில் கிரேக்க நகைச்சுவை நாடகம் ஒன்று எழுதப்பட்டுள்ளது. இந்தியக் கடற்கரை அரசன் ஒருவனிடம் சிக்கிய காரிதியோன் என்ற கிரேக்கப் பெண்ணை மீட்க வந்தவர்கள், அரசனுக்கும் அவன் கூட்டத்தாருக்கும் நீர் கலவாத மதுவைக் கொடுத்து மயக்கித் தப்புகின்றனர். அரசன் பேசும் புரியாத மொழியின் சில தொடர்கள் கன்னடமே என்று 1904இல் ஹுல்ட்ஸ் என்ற அறிஞர் எழுதினார். எல்லா அறிஞரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நாடகத்தின் நகைச்சுவை ஒரு பந்தி வழக்கத்தில் அடங்கியுள்ளது: கிரேக்கர் மதுவில் நீர் கலந்தே பருகினர், கலவாமல் குடிப்பது நாகரிகமறியாதவன் செயல். கி.பி. 155ஐ ஒட்டி எழுதிய புனித யுஸ்தீன், நற்கருணைக் கொண்டாட்டத்தில் அப்பத்தோடு நீர் கலந்த இரசக் கிண்ணமும் கொண்டுவரப்படுவதைக் குறிப்பிடுகிறார். இன்றும் திருப்பலியில் குரு இரசத்தோடு ஒரு துளி நீர் சேர்க்கும்போது, அந்தப் பழைய நடுநிலக் கடற் பந்தியின் வழக்கம் நம் பீடத்தில் நிகழ்கிறது. திருச்சபை அதற்கு ஆழ்ந்த பொருளையும் தந்துள்ளது.

களியும் தொடுகறியும்

கிரேக்க உணவு என்றவுடன் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் அடுக்கிய தட்டே பலர் நினைவுக்கு வருகிறது. பழங்கிரேக்கரின் அன்றாட உணவு அதுவன்று. அவர்கள் உணவை இரண்டாகப் பிரித்தனர். வயிற்றை நிரப்பும் தானிய உணவு சீத்தோஸ். அதனோடு தொட்டுக்கொள்ளும் பருப்பு, கீரை, மீன் முதலியன ஓப்சோன். ஏழைகளின் சீத்தோஸ் பெரும்பாலும் வாற்கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிய மாசா. கோதுமை அப்பம் உயர்ந்த உணவு. ஏதென்ஸ் நகருக்குச் சட்டம் வகுத்த சோலோன், நகர மன்றத்தில் உண்போருக்குச் சாதாரண நாளில் மாசாவும் திருவிழா நாளில் மட்டும் கோதுமை அப்பமும் வழங்கப்பட வேண்டும் என்று விதித்ததாகப் பழைய நூல் ஒன்று கூறுகிறது.

இதை வாசிக்கும் தேன்கனிக்கோட்டைத் தாயோ, அஞ்செட்டி உழவரோ என்ன நினைப்பார்? மாசா என்பது நம் கேழ்வரகுக் களி உருண்டையின் தூரத்து உறவு. ஓப்சோன் என்பது அதற்குத் தொட்டுக்கொள்ளும் மொச்சைக் குழம்பும் கீரைச் சாறும். களி உழைப்பவன் உணவு, நெல்லுச்சோறு விருந்துணவு என்றிருந்த நம் முன்னோர் காலம் அப்படியே சோலோனின் ஏதென்ஸ்.

இனி யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவளித்தபோது சிறுவனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் மட்டுமே சொல்கிறார். அது ஏழையின் தானியம். மீனைக் குறிக்க அவர் ஆளும் சொல்லோ ஓப்சாரியோன். சிறு தொடுகறி என்பதே அதன் முதற்பொருள். அதாவது அச்சிறுவன் கொண்டுவந்தது நம் ஊர் வழக்கில் சொன்னால் களியும் தொடுகறியும். ஆண்டவர் பெருக்கியது அரண்மனை விருந்தையன்று. கூலிக்காரன் மகனின் கட்டுச்சோற்றை.

இன்னும் ஒன்று. இன்றைய கிரேக்க வீடுகளில் மீனுக்குப் பெயர் ப்சாரி. அது ஓப்சாரியோன் குறுகியதே. அப்பத்திற்குப் பெயர் ப்சோமி. இறுதி இராவுணவில் ஆண்டவர் தோய்த்து யூதாசுக்குக் கொடுத்த அப்பத் துண்டைக் குறிக்க யோவான் பயன்படுத்திய சொல்லோடு பிறந்தது அது. திருநூலின் சொற்கள் அந்நாட்டில் இன்றும் நாள்தோறும் அடுப்பங்கரையில் ஒலிக்கின்றன.

நடுவில் வைக்கச் சொன்னவர்கள்

உணவுப் பொருளைவிட முக்கியமானது உண்ணும் முறை. ஏதென்ஸில் நண்பர்கள் அவரவர் ஓப்சோனைக் கொண்டுவந்து கூடியுண்ணும் வழக்கம் இருந்தது. சிலர் நிறையக் கொண்டுவருவர், சிலர் கொஞ்சமே. அவ்வேளைகளில் சாக்ரடீஸ், சிறிதளவாக வந்ததைப் பொதுவில் வைக்கும்படியோ, எல்லாருக்கும் சமமாகப் பங்கிடும்படியோ பணியாளிடம் சொல்வாராம். அதைக் கண்டு, மிகுதியாகக் கொண்டுவந்தோரும் தம் உணவைப் பொதுவில் வைக்காதிருக்க நாணி, தாமும் வைக்க முன்வந்தனர் என்று அவர் மாணவர் செனபோன் எழுதுகிறார்.

ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டு கழிந்து, கி.பி. 55ஐ ஒட்டி, மற்றொரு கிரேக்க நகரின் பந்தி பற்றித் தூய பவுல் மனம் கொதித்து எழுதினார். அந்நகர் கொரிந்து, இரு துறைமுகங்களுக்கு நடுவே அமைந்த, பல ஊர்க்காரர் பிழைக்க வந்து குடியேறிய வணிக நகர். அங்கே ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியவர்கள் அவரவர் உணவை முந்தி உண்டனர். ஒருவர் பசித்திருக்க மற்றவர் குடித்து மயங்கினார். அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடித்துத் தாமதமாகவே வர முடிந்தது என்றும், ஓய்வுள்ள செல்வர் அதற்குள் உண்டு முடித்தனர் என்றும் விவிலிய அறிஞர் பலர் விளக்குகின்றனர். இல்லாதவரை நாணச்செய்வது திருச்சபையையே இழிவுபடுத்துவது என்று கண்டித்த பவுல், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்ற மிக எளிய மருந்தைத் தந்தார் (1 கொரி 11:17-34). நற்கருணையை ஆண்டவர் ஏற்படுத்திய வரலாறு நமக்கு எழுத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய வடிவம் இந்தக் கண்டனத்தின் நடுவில்தான் உள்ளது. பந்தியில் நேர்ந்த ஒரு தவறுதான் அந்தப் பெருஞ்செல்வத்தை நமக்கு எழுதித் தரக் காரணமாயிற்று!

பந்தி மேசையைக் கிரேக்கர் ட்ராப்பெசா என்பர். பவுல் ஆண்டவரின் பந்தியைக் குறித்ததும் இச்சொல்லால்தான். கோவிலில் இயேசு கவிழ்த்த நாணய மாற்றுவோரின் மேசையும் ட்ராப்பெசாவே. இன்றைய கிரேக்க மொழியில் வங்கிக்கு அதுவே பெயர். ஆலயப் பலிபீடத்திற்கும் 'தூய' என்ற அடையோடு அதுவே பெயர். ஒரே சொல் உணவுக்கும் பணத்துக்கும் பலிக்கும் பொதுவாக நிற்பதைச் சிந்திக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் மேசை இம்மூன்றில் எதுவாக மாறுகிறது என்பது அந்தக் குடும்பத்தார் கையில் இருக்கிறது.

பெரிய வெள்ளியின் பருப்பு

அப்படியானால் நம் வீட்டில் சமைக்கத் தக்க கிரேக்க உணவு எது? என் பரிந்துரை ஃபாக்கேஸ் என்னும் பருப்புக் கூழ். கிரேக்கக் கிறிஸ்தவர் தவக்காலத்தில் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்குவர். பல நாள்களில் எண்ணெயும் விலக்குவர். சிலுவையில் ஆண்டவருக்குப் புளித்த இரசம் நீட்டப்பட்டதன் நினைவாக, பெரிய வெள்ளியன்று இந்தப் பருப்பில் வினிகர் மட்டும் சேர்த்து உண்பது அங்குள்ள பல குடும்பங்களின் மரபு. அதே நாளில் நம் பங்குகளில் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் வழங்குகிறோமே, அதன் உடன்பிறப்பு இது.

செய்முறை எளிது. தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பு கால் கிலோவைக் கழுவி ஒரு கொதி விட்டு நீரை வடித்துவிட வேண்டும். பின் ஒன்றேகால் லிட்டர் நீரில் பருப்பு, நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டுப் பற்கள் நான்கைந்து, பிரிஞ்சி இலை ஒன்று, பிசைந்த தக்காளி இரண்டு ஆகியவற்றைச் சேர்த்து, மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடலாம். உப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். இறக்கியபின் வினிகர் இரண்டு கரண்டி, சிறிது மிளகுத்தூள். மற்ற நாள்களில் ஒலிவ எண்ணெய் ஊற்றுவர். நம் செக்கு நல்லெண்ணெயும் குறையொன்றும் செய்யாது. களியோடும் இது பொருந்தும்.

'இது அசல் கிரேக்கமா?' என்று கேட்போருக்கு வரலாறு புன்னகையோடு பதில் சொல்லும். தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கிரேக்க மண்ணுக்கு அது 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. இன்று இராயக்கோட்டைச் சந்தையில் கூடை கூடையாகக் குவியும் தக்காளிக்கும் அதே தாயகந்தான். கத்தரிக்காய் மூசாக்காவின் மேல் பரப்பும் வெண்ணிறக் கூழ், 1920களில் நிக்கோலாஸ் செலமென்டேஸ் என்ற சமையற்கலைஞர் பிரெஞ்சு முறையிலிருந்து எடுத்துச் சேர்த்தது. அவரோ நறுமணப் பொருள்களைக் கீழ்த்திசைக் கலப்பென்று குறைக்கச் சொன்னார். ஆனால் நம் மிளகு கிரேக்க மருத்துவருக்கு ஏசு பிறப்பதற்கு முன்பே பழக்கமானது! நம் பகுதியும் இதற்கு விலக்கன்று. தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடினார். அன்று வந்தேறிய கரும்பு இன்று நம் பொங்கலின் அடையாளம். தூய உணவு என்று தனித்து எதுவும் இல்லை. அன்போடு ஏற்கப்பட்டு நமதாகிய உணவே உண்டு.

நம் பந்தி

ஆகவே கிரேக்க உணவு சமைப்பதில் தவறொன்றும் இல்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஓசூர் தொழில் நகரமாக வளர்ந்த இந்த அரை நூற்றாண்டில், நம் வீடுகளில் அடுப்பு மாறியதைவிடப் பந்தியே அதிகம் மாறிவிட்டது. தந்தைக்கு இரவு முறை, மகளுக்குக் காலை முறை, மகனுக்கு எல்லை தாண்டிய பேருந்து. ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு நேரத்தில், பெரும்பாலும் கைப்பேசியின் வெளிச்சத்தில். அடுத்த வாடகை அறையில் வடமாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் தாமே சமைத்துத் தனியே உண்கின்றனர். அவர்களுள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவரும் உண்டு. மொழி தெரியாததால் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கின்றனர். கொரிந்து நகர் வெகுதூரத்தில் இல்லை, அன்பர்களே.

யாருடைய வேலைமுறையையும் நம்மால் மாற்ற இயலாது. ஆனால் வாரத்தில் ஒருவேளையேனும் எல்லாருக்கும் பொருந்தும் நேரம் ஒன்றைத் தேடி, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க இயலும். தவக்கால வெள்ளி ஒன்றில் அந்தப் பருப்பைக் காய்ச்சி, பானையை நடுவில் வைத்து, அடுத்த அறைக்காரரையும் அழைக்க இயலும். அவர் தம் ஊர்ச் சமையலைக் கொண்டுவந்தால் அதையும் பொதுவில் வைக்கலாம். கிரேக்கரிடம் நாம் கற்க வேண்டிய முதற்பாடம் ஒலிவ எண்ணெய் அன்று. நடுவில் வைக்கும் அந்தப் பழக்கமே. ஏழைச் சிறுவன் தன் கட்டுச்சோற்றை நடுவில் வைத்தான். எஞ்சியதைச் சேர்த்தபோது பன்னிரு கூடைகள் நிறைந்தன.