நோஸ்ஃபெராட்டு: அருங்காட்சியகப் பிரதி தொலைத்த இரவு

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவு 1935இல் தொடங்கப்பட்டது. அங்கும், அதன் பிரதிகள் சென்று சேர்ந்த கல்வி அரங்குகளிலும் எஃப். டபிள்யூ. முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ பல்லாண்டுகள் கறுப்பு வெள்ளையிலேயே காட்டப்பட்டது. அதில் ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு, பட்டப்பகல் வெளிச்சத்தில் ஊருக்குள் நடக்கிறான். படத்தின் முடிவிலோ விடியற்கதிர் பட்டதும் கரைந்து மறைகிறான். முரண் கதையில் இல்லை, பிரதியில் இருக்கிறது.

1922இன் படச்சுருளுக்கு இரவின் ஒளி போதாது. இரவுக் காட்சிகளையும் பகலிலேயே எடுத்து, திரையிடும் பிரதியில் அப்பகுதிகளுக்கு நீலச் சாயம் ஏற்றுவது அக்கால வழக்கம். நீலத்தைக் கண்டதும் இரவென்று பார்வையாளர் அறிந்துகொண்டனர். அந்த நிறம் அலங்காரம் அன்று. வேற்றுமை உருபைப் போன்றது. அதை நீக்கினால் தொடர் நிற்கும், பொருள் மயங்கும். பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாட வல்லவன்; சூரிய ஒளியால் மாள்வது முர்னாவின் படம் சேர்த்தது. ஆகவே சாயம் போனபோது, படம் புதிதாகச் சொன்ன செய்தியே குலைந்தது.

சாயம் போனதற்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. நாவலின் உரிமையைப் பெறாமல், பெயர்களை மாற்றிப் படமெடுத்தது பிரானா நிறுவனம். 1922 மார்ச் 4 அன்று பெர்லினில் படம் திரையிடப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார், நிறுவனம் நொடித்தது, 1925இல் பிரதிகள் அனைத்தையும் அழிக்க நீதிமன்றம் ஆணையிட்டது. மூல நெகட்டிவ் எஞ்சவில்லை. அயல்நாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகள் தப்பின. (1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ மலையாளப் படத்தின் கதை இதற்கு நேர்மாறு. பதிப்புரிமை வழக்கில் கைப்பற்றப்பட்டதாலேயே அதன் சுருள் பிழைத்து, 1974இல் புணே ஆவணக்காப்பகத்தை அடைந்தது.)

பாரிஸின் சினிமாதெக் வழியாக நியூயார்க் சென்ற பிரதியின் ஆங்கில எழுத்தட்டைகளில் இன்னொரு வேடிக்கை நேர்ந்தது. ஓர்லோக் டிராகுலா ஆனான். ஹுட்டர் ஹார்க்கர் ஆனான். வழக்கிலிருந்து தப்புவதற்காக மாற்றியவை என்று கருதப்படும் பெயர்களை, படத்தைக் காத்த நிறுவனமே நாவலின் பெயர்களாகத் திருப்பிவிட்டது.

1980களில் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ பட்டாலாஸ், சிதறிக் கிடந்த பிரதிகளை ஒப்பிட்டுப் படத்தை மீட்டமைத்தார். சாயம் அழியாத பழைய பிரெஞ்சுப் பிரதி ஒன்று நிறங்களுக்குச் சான்றானது. இரவு திரைக்குத் திரும்பியது. சுவடிப் பதிப்பாசிரியருக்கு இப்பணி புதிதன்று, பாடபேதம் பார்ப்பதுதான். எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று குறிப்பிடாமல் இப்படத்தின் ஒளியமைப்பைப் பற்றி எழுதும் ஆய்வாளரை, பாடபேதம் பாராமல் உரையெழுதியவராகவே கொள்ள வேண்டும்.

சாயமற்ற பிரதிகள் இணையத்தில் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஓர்லோக் இன்னும் பகலில்தான் சவப்பெட்டியைச் சுமக்கிறான்.