ஸ்டாம்ப், வாட்டர்கலர், ஒரு வாழ்த்து அட்டை: இதில் யாருடைய கை இருக்கு?

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாதம் ஒரு தோழியின் பிறந்தநாளுக்கு நானே ஒரு வாழ்த்து அட்டை செஞ்சேன். பெரிய வேலை ஒண்ணும் இல்லை. ஒரு செம்பருத்திப் பூ ரப்பர் ஸ்டாம்ப், கறுப்பு இங்க் பேட், ஸ்கூல் பசங்க வாங்குற வாட்டர்கலர் பெட்டி, கொஞ்சம் கெட்டியான தாள். பூவின் கோட்டை ஸ்டாம்ப்ல அடிச்சு, உள்ளே சிவப்பும் பச்சையும் தீட்டி, மடிச்சுக் கொடுத்தேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். பக்கத்தில் இருந்த நண்பர் ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "படம் ஸ்டாம்ப்ல அடிச்சதுதானே? அப்புறம் இது எப்படி ஹேண்ட்மேட்?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டுனு பதில் வரலை. நம்ம ஊரில் ரப்பர் ஸ்டாம்ப்னாலே ஒரு இளக்காரம் இருக்கு இல்லையா? சொந்தமாக எந்த முடிவும் எடுக்காத பதவிக்காரரை 'வெறும் ரப்பர் ஸ்டாம்ப்' என்றுதான் சொல்றோம். யோசிக்காமல் திரும்பத் திரும்ப அடிக்கிற பொருள் அது. அதை வைத்துச் செஞ்சதைக் 'கைவேலை' என்று சொல்லிக்கலாமா?

வீட்டுக்கு வந்து இந்த அட்டைகளின் வரலாற்றைத் தேடிப் படிச்சேன். கொஞ்சம் ஆச்சரியமா இருந்தது. உலகத்தின் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையும் கிட்டத்தட்ட நான் செஞ்ச மாதிரியேதான் செய்யப்பட்டிருக்கு. கோடு இயந்திரத்தில், வண்ணம் கையில். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த எபிசோடு.

நேரமில்லாத ஒரு மனிதர்

லண்டன், 1843. ஹென்றி கோல் என்று ஓர் அரசு அதிகாரி. ஒரே நேரத்தில் பத்து வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆள். இன்றைக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று நமக்குத் தெரிகிற அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆனவரும் இவர்தான். ஆனால் அது பிற்பாடு.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1840-ல், பிரிட்டனில் தபால் முறையே தலைகீழாக மாறியிருந்தது. அதுவரை கடிதத்துக்குப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் காசு கொடுக்கணும். தூரத்துக்கு ஒரு கணக்கு, எத்தனை தாள் என்பதற்கு ஒரு கணக்கு. 1840 ஜனவரியிலிருந்து அரை அவுன்ஸ் கடிதம் நாட்டுக்குள் எங்கே போனாலும் ஒரே ஒரு பென்னி, அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டணும். அந்த வருஷம் மே மாதம் 'பென்னி பிளாக்' தபால்தலை வந்தது. இந்தச் சீர்திருத்தத்தின் தலைவர் ரோலண்ட் ஹில். அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர்களில் கோலும் ஒருவர்.

தபால் மலிவானதும் எல்லாரும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. கடிதம் வந்தால் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. டிசம்பர் வந்தால் மேசையில் கடிதக் குவியல். நம்ம வாட்ஸ்அப்பில் தீபாவளிக்கு வந்து நிற்கிற முந்நூறு மெசேஜை நினைச்சுக்கோங்க, அதேதான். தானே ஆதரிச்சுக் கொண்டுவந்த மாற்றத்தில் தானே மாட்டிக்கிட்டார் கோல்.

அவர் கண்டுபிடிச்ச வழி, எல்லாருக்கும் ஒரே பதிலை அச்சடிச்சு அனுப்புவது. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் ஒரு படம் கேட்டார். நடுவில் ஒரு குடும்பம் விருந்தில் உட்கார்ந்து நமக்கு வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்துகிறது. இரண்டு பக்கமும், பசித்தவருக்குச் சோறு போடுகிற காட்சியும் இல்லாதவருக்குத் துணி கொடுக்கிற காட்சியும். மேலே பெறுபவர் பெயருக்கு ஓர் இடம், கீழே அனுப்புபவர் பெயருக்கு ஓர் இடம். அவ்வளவுதான்.

சர்ச்சையும் வராமல் இல்லை. படத்தில் ஒரு சின்னக் குழந்தைக்கும் ஒயின் கொடுக்கிறாங்க. மதுவிலக்குக்காரர்கள் கொதிச்சுப் போனாங்க.

கோடு கல்லில், வண்ணம் கையில்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். இந்த அட்டையை எப்படிச் செஞ்சாங்க?

லித்தோகிராஃபி என்ற கல்லச்சு முறையில். வழவழப்பான சுண்ணாம்புக் கல் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவாங்க. கல்லைத் தண்ணீரால் நனைச்சு, மேலே அச்சு மையை உருட்டுவாங்க. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. அதனால் வரைந்த கோட்டில் மட்டும் மை பிடிக்கும், மற்ற இடத்தில் பிடிக்காது. தாளை வைத்து அழுத்தினால் கோட்டுப் படம் தயார்.

ஆனால் அதில் வண்ணம் கிடையாது. வண்ணத்தை ஒவ்வொரு அட்டையிலும் பிரஷ்ஷால் தீட்டணும். கோலின் அட்டை ஏறத்தாழ ஆயிரம் பிரதி அச்சாச்சு. அத்தனைக்கும் மேசன் என்கிற தொழில்முறை வண்ணக்காரர் கையால் வண்ணம் தீட்டினார் என்று பதிவு இருக்கு. விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. ஓர் அட்டை வாங்குற காசில் பன்னிரண்டு கடிதம் அனுப்பிடலாம்! சாமானியர்கள் வாங்குகிற சரக்கு இல்லை. அந்த ஆயிரத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது ரொம்பக் கொஞ்சம். கோல் தன் பாட்டிக்கு அனுப்பிய பிரதி 2001-ல் ஏலத்தில் 20,000 பவுண்டுக்கு மேல் போனது.

ஒரு நுணுக்கம் கவனிங்க. அச்சு மையில் எண்ணெய் இருப்பதால், மேலே ஈரப் பிரஷ் பட்டாலும் கோடு கலையாது. என் செம்பருத்தி அட்டையின் முதல் முயற்சி குப்பைக்குப் போனதற்குக் காரணமே இதுதான். சாதாரண இங்க் பேடில் அடிச்சேன். தண்ணி பட்டதும் கறுப்புக் கரைஞ்சு, பூ முழுக்கச் சாம்பல் நிறம். அப்புறம்தான் தெரிஞ்சது, வாட்டர்கலர் தீட்டணும்னா காய்ந்த பிறகு தண்ணிக்குக் கரையாத இங்க் வேணும் என்று. தாளும் அப்படித்தான். வாட்டர்கலர் தாளில் சொரசொரப்பான ரகத்தில் ஸ்டாம்ப் திட்டுத்திட்டாக விழும். வழவழப்பான ரகம்தான் கோட்டையும் வாங்கும், தண்ணியையும் தாங்கும்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

மேசனின் பெயராவது நமக்குத் தெரியுது. அந்தக் காலத்து வண்ணப் படங்களில் பெரும்பாலானவற்றைத் தீட்டியவர்கள் யார் என்றே தெரியாது.

நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனத்தை எடுத்துக்குவோம். வாழ்த்து அட்டை இல்லை, சுவரில் மாட்டுகிற மலிவு விலைப் படங்களுக்குப் பெயர் போனவர்கள். அங்கே நீளமான மேசை. நடுவில் ஒரு மாதிரிப் படம். சுற்றிப் பெண்கள். ஒருத்தர் எல்லாப் படத்திலும் வானத்துக்கு நீலம் மட்டும் தீட்டி அடுத்தவரிடம் தள்ளுவார். அடுத்தவர் பச்சை மட்டும். இப்படியே மேசையைச் சுற்றி வந்தால் படம் முடிஞ்சிடும். ஆனால் படத்தில் அச்சாகும் பெயர் நிறுவனத்தின் பெயர்.

அதே நூற்றாண்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் ஊரில், எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம்பெண். அப்பாவுக்கு ஸ்டேஷனரிக் கடை. 1847-ல் கல்லூரி முடிச்ச சமயம் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அழகான வேலண்டைன் அட்டையைப் பார்க்கிறார். சரிகை மாதிரி வெட்டிய தாள், பூப் படம், அடுக்கு அடுக்காக ஒட்டினது. 'இதை நானே செய்வேனே' என்று மாதிரிகள் செய்து, அண்ணன் விற்பனைக்குப் போகும்போது கொடுத்து அனுப்பினார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று நினைத்தவருக்கு 5,000 டாலருக்கு மேல் வந்ததாகச் சொல்வாங்க. உடனே தோழிகளைக் கூப்பிட்டு வீட்டிலேயே பட்டறை போட்டார். ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் அடுக்க, ஒருத்தர் ஒட்ட. ஹென்றி ஃபோர்டு பிறப்பதற்கு முன்பே அசெம்பிளி லைன்!

இதெல்லாம் ஹேண்ட்மேட்தானா என்று கேட்டால், நூற்றுக்கு நூறு ஆமாம். ஆனால் அது சம்பளத்துக்கு வேலை செய்த கை. அட்டையை அனுப்பியவரின் கை இல்லை.

வண்ணத்தையும் அச்சடித்தவர்

அடுத்து அந்தக் கையும் தேவையில்லாமல் போச்சு. லூயிஸ் பிராங், ஜெர்மன் பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, பாஸ்டனில் அச்சகம் வைத்தவர். குரோமோலித்தோகிராஃபியில் கெட்டிக்காரர். ஒரு நிறத்துக்கு ஒரு கல் வீதம் ஒரே படத்தைப் பல கற்களில் பிரித்து வரைந்து, தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல் அச்சிடணும். சில படங்களுக்கு இருபது கற்களுக்கு மேல் பிடிக்கும். பார்த்தால் கையால் தீட்டின மாதிரியே இருக்கும். 1875-ல் அமெரிக்கச் சந்தைக்குக் கிறிஸ்துமஸ் அட்டைகளைக் கொண்டுவந்தார். 1880-ல் அட்டை வடிவமைப்புக்குப் போட்டி வைத்தார், முதல் பரிசு 1,000 டாலர். ஜெயித்தவர் ரோசினா எம்மெட் என்ற ஓவியர்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் இதுதான். அட்டையிலிருந்து பிரஷ்ஷை விரட்டிய அதே பிராங், பள்ளிக்கூடங்களுக்கு ஓவியப் பாடப் புத்தகங்களும் வாட்டர்கலர் பெட்டிகளும் விற்றார். பிராங் என்ற பெயரில் வாட்டர்கலர் பெட்டி அமெரிக்காவில் இன்னமும் கிடைக்குது. தொழிலாளியின் கையிலிருந்து போன பிரஷ், குழந்தையின் கைக்கு வந்துடுச்சு.

பல் வைத்தியரின் பானை

சரி, ஸ்டாம்ப் எங்கே? அதற்கு ரப்பர் வேணும். இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். 1839-ல் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று கண்டுபிடித்தார். வல்கனைசேஷன். 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இதை முதலில் பிடிச்சுக்கிட்டவர்களில் பல் வைத்தியர்களும் உண்டு. கடின ரப்பரில் பல் செட் செய்ய ஆரம்பிச்சாங்க. வாயின் அச்சை பிளாஸ்டரில் எடுத்து, அதில் ரப்பரை அடைத்து, நம்ம குக்கர் மாதிரி ஒரு மூடிய பானையில் நீராவியில் வேகவைப்பாங்க. 1860-களில் யாருக்கோ பொறி தட்டியிருக்கு. வாய்க்குப் பதிலாக அச்செழுத்தின் அச்சை பிளாஸ்டரில் எடுத்தால்? அதே பானையில் வேகவைத்தால் ரப்பர் எழுத்து கிடைக்கும், மரக்கட்டையில் ஒட்டினால் ஸ்டாம்ப். 'நான்தான் முதலில்' என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒன்றுக்கு மேல். ஆரம்பகால ஸ்டாம்ப் பட்டறைகளில் பல் வைத்தியரின் பானைதான் அடுப்பு என்பதில் மட்டும் சண்டை இல்லை.

அப்புறம் நூறு வருஷம் ஸ்டாம்ப் ஆபீஸில்தான் வாழ்ந்தது. தேதி, 'பெறப்பட்டது', கையெழுத்துக்குக் கீழே பதவிப் பெயர். ஆபீஸ் ஸ்டாம்புகளை வைத்துப் படம் செய்து பார்த்தவர்களும் உண்டு. 1919-ல் ஜெர்மனியில் கர்ட் ஷ்விட்டர்ஸ் ஸ்டாம்ப் ஓவியங்கள் செய்தார். 1960-களில் தபாலிலேயே கலையை அனுப்பிய கலைஞர்கள் ஸ்டாம்பைக் கையில் எடுத்தாங்க. 1970-களில் அமெரிக்காவில் படம் செதுக்கின ஸ்டாம்புகளைச் சின்னக் கம்பெனிகள் விற்க ஆரம்பித்து, அது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆபீஸ் அதிகாரத்தின் கருவியால் அத்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து!

அப்போ, இது ஹேண்ட்மேடா?

நண்பருக்கு நான் இப்போ சொல்லக்கூடிய பதில் இது. அட்டையின் கோடு 1843-லேயே வேறொருவருடையதுதான். கோல் ஒரு கோடும் வரையலை. அவர் வண்ணமும் தீட்டலை. பெயரை எழுதினார், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் ஸ்டாம்ப் அடிச்சு வாட்டர்கலர் தீட்டுகிற நீங்க, மேசன் உட்கார்ந்த நாற்காலியில், கரியர் அண்ட் ஐவ்ஸ் மேசையில் உட்கார்ந்த பெண்களின் இடத்தில் உட்கார்றீங்க. அவர்கள் யாரென்றே தெரியாதவர்களுக்காக ஒரே நீலத்தை நூறு முறை தீட்டினாங்க. நீங்க தெரிஞ்ச ஒருத்தருக்காக ஒரு முறை தீட்டுறீங்க. செய்முறை அதேதான். அனுப்புகிறவரும் தீட்டுகிறவரும் ஒரே ஆள் ஆகிட்டாங்க என்பதுதான் வித்தியாசம். கோல் மிச்சம் பிடிக்க நினைத்த நேரத்தை நீங்க வேணும்னே செலவு பண்றீங்க.

நம்ம பக்கம் சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகளைப் பார்த்தவர்கள் வீட்டில் இருப்பாங்க. கரும்பு, பானை, சில சமயம் சினிமா நடிகர் படம். அவர்களிடம் கேட்டுப் பாருங்க. படத்தைவிட, உள்ளே எழுதியிருந்த கையெழுத்துதான் ஞாபகம் இருக்குன்னு நிறைய பேர் சொல்வாங்க.

அடுத்த முறை நீங்க ஓர் அட்டை செஞ்சா, பின்பக்கம் சின்னதா ஒரு வரி எழுதுங்க: 'வண்ணம்' என்று போட்டு, உங்க பெயர். அந்த மேசையில் இருந்தவர்கள் யாருக்கும் கிடைக்காத வரி அது.

இங்க் மட்டும் தண்ணிக்குக் கரையாததா பார்த்து வாங்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.