உறுதி இல்லாத மண்ணில் கோழிக்கொண்டை

கோழிக்கொண்டையைப் பெரிய பூவாக எவரும் மதிப்பதில்லை. அதற்கு மணமில்லை. கூந்தலில் சூடுவாரில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களிலும் இந்தப் பெயரைக் காண முடியாது. சேவற்கொடியோனை வணங்கும் நம்மவர்கூட, சேவலின் கொண்டையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் இந்தச் செடியைத் தனியே கொண்டாடியதில்லை. ஆயினும் புத்தளம் கரையோரத்தில் செய்தி சேகரித்துத் திரிந்த காலத்தில், காணி உறுதி இல்லாத குடிசைகளின் வாசலில் நான் அதிகம் கண்ட பூ இதுதான். உறுதி என்பது ஈழத்து வழக்கில் நிலப்பத்திரம். தமிழக வாசகர்கள் பட்டா என்று கொள்ளலாம்.

உச்சமுனை அத்தகைய இடங்களில் ஒன்று. கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீளும் மணல்திட்டு. கற்பிட்டித் துறையிலிருந்து படகேறித்தான் போகவேண்டும். சோளகக் காற்று ஓய்ந்து மேற்குக் கடல் அடங்கும் ஐப்பசி அளவில் மீனவர் வாடி அமைப்பார்கள். சித்திரை கழிந்து கடல் மறுபடி கொதிக்கத் தொடங்கியதும், வெளியூரிலிருந்து வந்தவர்கள் வாடியைப் பிரித்துக்கொண்டு புறப்படுவார்கள். நிரந்தரமாகக் குடியிருப்போரும் உண்டு. அவர்களில் பலருக்கும் நிலம் அரசுடையது, இருப்பு மட்டுமே தம்முடையது. கிடுகு வேய்ந்த கொட்டில்களின் முன்னே, அடியில் துளையிட்ட பால்மாத் தகரங்களில் செந்நிறக் கொண்டைகள் நிமிர்ந்து நின்றதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்தப் பூ? செம்பருத்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். போகன்வில்லா கூரையேறிப் படரும். கோழிக்கொண்டையோ ஒரு பருவத்துச் செடி. விதை ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கிறது. மூன்று மாத அளவில் பூக்கிறது. சில வாரங்கள் நின்று விதை உதிர்த்து மடிகிறது. ஐப்பசியில் விதைத்தவன் சித்திரைக்குள் அதன் முழு வாழ்வையும் பார்த்துவிடலாம். போகும்போது வேரோடு தோண்டி எடுக்கவேண்டிய மரம் ஏதுமில்லை. ஒரு கடதாசி மடிப்பில் விதை போதும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நிலத்தின் மீது உரிமை இல்லாதவன் வைக்கக்கூடிய தோட்டம் இவ்வளவுதான்.

இந்தப் பூவின் பழைய வரலாறும் ஏறக்குறைய இப்படி மடியில் முடிந்துகொண்டு போன வரலாறே. கீரையினத்தைச் சேர்ந்த செடி இது. தண்டுக்கீரைக்கும் வாடாமல்லிக்கும் உறவு. இதன் காட்டுவடிவத்தைத் தமிழகத்தில் பண்ணைக்கீரை என்பர். கம்பங்கொல்லையிலும் சோளக்கொல்லையிலும் அழையாமல் வந்து நிற்கும் களை. பஞ்ச காலத்தில் உலைக்குப் போகும் கீரை. வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த கதிர்தான் அதன் பூ. சிங்களத்தில் காட்டுச் செடியைக் கிரிஹெந்த என்றும், தோட்டத்துப் பூவைக் குக்குல் கரமல் என்றும் சொல்கிறார்கள். பின்னதற்குச் சேவற்கொண்டை என்றே பொருள். சீனரும் அப்படியே அழைக்கின்றனர். ஜப்பானியர் 'கோழித்தலை' என்கின்றனர். ஆங்கிலேயரும் சேவற்கொண்டை என்றே பெயரிட்டனர். இத்தனை மொழிகள் ஒரே உவமையில் வந்து நின்ற பூக்கள் அதிகமில்லை. இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவா இந்தியாவா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை 1667 முதல் 1676 வரை எழுந்தது. கண்டி இராச்சியத்துக்குக் களப்பு வழியாகப் போய்வந்த வணிகத்தை அடைப்பது அதன் நோக்கம். அதே ஆண்டுகளில், 1672இல், பால் ஹெர்மன் என்ற இளம் மருத்துவர் ஒல்லாந்தக் கம்பெனியின் ஊழியராகக் கொழும்பில் வந்திறங்கினார். கம்பெனி கறுவாவைக் கணக்கெடுத்தது. அவர் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டினார். அவர் இறந்து நெடுங்காலம் காணாமற்போயிருந்த அந்த ஏடுகள் டென்மார்க்கில் கிடைத்து லின்னேயஸின் கைக்குப் போயின. அவற்றைக் கொண்டு அவர் இலங்கைத் தாவரங்கள் பற்றி 1747இல் ஒரு நூல் வெளியிட்டார். செடிகளுக்கு இருசொற்பெயர் தந்த 1753ஆம் ஆண்டு நூலில் காட்டுப் பண்ணையையும் தோட்டத்துக் கோழிக்கொண்டையையும் இரு வேறு இனங்களாகப் பதிந்தார். எரிதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'செலோசியா' என்பது இரண்டுக்கும் பொதுப்பெயராயிற்று. பின்வந்தோர் பலர் இரண்டும் ஒன்றே, ஒன்று மற்றதன் வடிவம் என்றனர்.

(கற்பிட்டி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 1807இல் அவ்வூரில் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசைப்படுத்தி நூல் செய்தவர். 1859இல் தமிழ்ப்புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் தந்தவர். கோட்டையைப் பார்க்க வரும் பயணிகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?)

வழக்கைச் சிக்கலாக்கியது நிறப்புரி எண்ணிக்கை. பரவலாகக் காணப்படும் காட்டுப் பண்ணையில் 72 நிறப்புரிகள். தோட்டத்துக் கொண்டையில் 36. 1973இல் கோஷூ, பால் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் கோழிக்கொண்டையின் தோற்றம் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். 36 நிறப்புரி கொண்ட காட்டுவகை ஒன்றும் இந்தியாவில் உண்டு என்பதையும், தோட்டச் செடிக்கு அதுவே மூலமாக இருக்கலாம் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். கொண்டை வடிவம் ஒரு பிறழ்வு. ஒரு புள்ளியாக இருக்கவேண்டிய வளர்நுனி ஒரு கோடாக விரிந்துவிடுகிறது. விரிந்த கோடு மடிந்து மடிந்து வெல்வெட்டுச் சுருளாகிறது. எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ ஓர் உழவர் அல்லது உழத்தி, கீரைக்குப் பறிக்கும்போது அந்தக் கோணற் செடியைக் கண்டு, பிடுங்காமல் விதைக்கு விட்டிருக்கவேண்டும். பூவின் வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி அதுவே. அதைச் செய்தவருக்குப் பெயரில்லை.

அங்கிருந்து அது உலகெங்கும் போயிற்று. ஜப்பானின் எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலான மன்யோஷுவிலேயே இடம் பிடித்துவிட்டது. மெக்சிகோவில் நவம்பர் முதல் நாட்களில் இறந்தோரை நினைக்கும்போது செண்டுமல்லியுடன் இதையும் கல்லறையில் வைக்கிறார்கள், பெயர் 'வெல்வெட்'. நைஜீரியாவின் யொரூபா மக்கள் இதைப் பூவாகப் பார்ப்பதில்லை, கீரையாகச் சமைக்கிறார்கள். நம் பக்கத்தில் நிலக்கோட்டையிலும் ஓசூரிலும் இது வணிகப் பயிர். ஆயுதபூசைக்கும் ஓணத்துக்கும் தோவாளைச் சந்தையில் மூட்டைகளாக இறங்குகிறது. மாலையில் சாமந்திக்கு இடையே சிவப்புக்காக இதைச் செருகுவார்கள். வாடினாலும் நிறம் எளிதில் போகாது; பீட்ரூட்டைச் சிவப்பாக்கும் அதே வகை நிறமிதான் இதிலும்.

மறுபடி புத்தளத்துக்கு வருகிறேன். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தார் தரைவழி வந்தனர். மன்னார்த் தீவிலிருந்தோர் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். உடுத்த துணியும் சிறு தொகைப் பணமுமே பலரிடம் எஞ்சியிருந்தன. முகாம்களுக்குப் பின்னர் பல முறை போயிருக்கிறேன். ஒரு வரிசையில் எட்டுப் பத்துக் கொட்டில்களுக்கு முன்னால் கோழிக்கொண்டை பூத்திருந்தது. உள்ளூர் வீடொன்றில் ஒரு பூவைக் கேட்டு வாங்கி உதறினார்களாம். கொண்டையின் மேற்புறத்தில் எதுவும் கிடைக்காது. உண்மையான சிறு பூக்களும் கறுப்பு மணி போன்ற விதைகளும் அடிப்புறத்து ஓரத்தில்தான் இருக்கும். அதை அறிந்தவர்கள் அவர்கள். பூவுக்குப் பதில் இரண்டு தென்னம்பிள்ளை வைக்கலாமே என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். தம்பி என்று விளித்து அவர் சொன்ன விடை இதுதான்: தென்னை வைத்தால் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்று நான் அனுப்பிய செய்தியில் அரிசி நிவாரணத்தின் கணக்கு இருந்தது. அந்த விடை இல்லை. அக்காலத்துச் செய்திப் பத்திரிகைகளில் அதற்கு இடமில்லை.

இந்தக் கரையில் மண்ணைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். மணலுக்கடியில் மழைநீர், உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால் அடியில் சுமார் 40 அடி ஆழம்வரை அது இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓரடி இறைத்துவிட்டால் அடியில் உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் அதே கணக்கு சொல்லிவிடுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் செழிக்கக் கொட்டிய உரம் மணலில் தங்காமல் கிணற்றுக்குள் இறங்கியது. தீவிரப் பயிர்ச்செய்கை உள்ள இடங்களில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய கிணறுகளை ஆய்வாளர்கள் 1980கள் முதலே சுட்டிக்காட்டி வந்தனர். கோழிக்கொண்டைக்கு இந்த இரைச்சல் ஏதும் வேண்டியதில்லை. வெயில், வடியும் மண், குடம் கழுவிய தண்ணீர் போதும். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் உள்ள உவர்நில ஆய்வகம் இதற்கு உவர்நீர் பாய்ச்சிச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டது. உப்பு ஏற ஏறத் தண்டு குட்டையாயிற்று. ஆயினும் கணிசமான உவர் வரை விற்கத்தக்க பூ கிடைத்தது. உச்சமுனைப் பெண்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

2000களில் அரசு கற்பிட்டிப் பகுதியில் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டத்தை முன்வைத்தது. உச்சமுனையும் அதில் ஒன்று. விடுதிகளின் வரைபடங்கள் வந்தன, அளவையாளர்கள் வந்தார்கள், மீனவர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. நீண்ட காலமாகக் குடியிருந்ததற்கு என்ன சான்று என்ற கேள்வி எழுந்தபோது, கோயிலையும் கிணற்றையும் காட்டலாம், மரத்தைக் காட்டலாம். ஆண்டுதோறும் மடிந்து முளைத்த பூவைக் காட்ட முடியாது. எந்த அளவைப் படத்திலும் அது இடம்பெறுவதில்லை.

2009இல் போர் முடிந்தபின் முகாம் மக்களில் சிலர் மன்னாருக்குத் திரும்பினர். சிலர் இங்கும் அங்குமாக இரண்டு வீடு வைத்திருக்கின்றனர். பலர் புத்தளத்திலேயே காணி வாங்கித் தங்கிவிட்டனர். தங்கியவர்களின் வளவுகளில் இப்போது தென்னை காய்க்கிறது.