தாராவின் இரத்தம்

கண்டனூரில் எங்க அப்பத்தா ஒரு கிளி வளர்த்தது. கூண்டைத் திறந்துவிடச் சொல்லி நான் அழுதபோது, 'விட்டா காக்கா கொத்திப்புடும்யா, அதுக்குக் காடு மறந்துபோச்சு' என்றது. கிளியோடு முடிந்துபோகும் கவலை அது. புலி விஷயம் அப்படி முடிவதில்லை.

தாரா, இங்கிலாந்தின் ட்வைகிராஸ் விலங்குக்காட்சிசாலையில் பிறந்த பெண்புலி. 1976இல் உத்தரப்பிரதேசத்துத் துத்வா காட்டோரத்தில் இருந்த தன் பண்ணைக்கு அதைக் குட்டியாகக் கொண்டுவந்து கையில் வளர்த்தவர் பில்லி அர்ஜன் சிங். வேட்டைக்காரராக இருந்து துப்பாக்கியைக் கீழே போட்டவர். தாரா 1978இல் காட்டுக்குள் போனது. அதே காலத்தில் காட்டோரக் கரும்புக் கொல்லைப் பக்கம் புலியடித்து ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். சுடப்பட்ட ஆட்கொல்லி தாராதான் என்றது வனத்துறை. 2010இல் சாகும்வரை அர்ஜன் சிங் அதை ஒப்பவில்லை. பிறகு 1990களில் மரபணுச் சோதனை வந்தது. துத்வா புலிகளிடம் சைபீரியப் புலியின் சுவடு இருக்கிறதாம். உடனே 'கலப்படம்', 'தூய இந்தியப் புலி' என்று ஒரே கூச்சல்.

இந்தச் சொல்லாடலை நாம் வாசிக்கத்தான் வேண்டும். தூய்மை, கலப்பு, இரத்தம் – இந்த நாட்டில் இவை புலிக்காக உண்டான சொற்கள் இல்லை. தாராவின் இரத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசிய கதையாடலில், கொல்லையில் சிந்திய இரத்தம் வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கிப்போனது. கரும்பு வெட்டுகிறவனிடம் 'இங்கே ஒரு புலியை விடப்போகிறோம்' என்று கேட்கலாம் என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

திருப்பி விடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 2009இல் புலியே இல்லாமல் போன பன்னாவுக்கு, கன்ஹாவில் தாயை இழந்து அடைப்பில் வளர்ந்த இரண்டு பெண்புலிகள் 2011இல் போயின; குட்டியும் போட்டன. மனித வாடை அதிகம் படாமல், வேட்டை பழக்கி வளர்த்தவை அவை. ஆனால் பன்னாக் காப்பகத்துக்குள்ளிருந்து ஊர்கள் பெயர்க்கப்பட்ட கதையை அந்த வெற்றியோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை.

நம் பக்கமும் வந்தது. 2021 செப்டம்பரில் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் காயத்தோடு பிடிபட்ட புலிக்குட்டிக்கு, ஆனைமலைக் காப்பகத்துக்குள் 10,000 சதுர அடியில் அடைப்பு கட்டி வேட்டை பழக்கினார்கள். நல்லது. புலிக்கு வேட்டை தெரிகிறதா என்று பார்க்க நிபுணர்கள் இருக்கிறார்கள். அது நடக்கப்போகும் வழியில் லயத்து வீடுகளில் இருந்துகொண்டு கொழுந்து பறிக்கிற பெண்ணும் ஒரு நிபுணர்தான். அவளையும் கேட்டுவிட்டுத்தான் கூண்டைத் திறக்கணும்.