பைக்கட்டுக்குள் இருந்த பள்ளிக்கூடம்

பிள்ளைகள் வகுப்புக்குச் செல்போன் கொண்டுவரலாமா, கூடாதா என்று வாதம் நடக்கும்போதெல்லாம், இதே கேள்வியோடு இதற்கு முன்னால் எத்தனை பொருள்கள் வகுப்பு வாசலில் நின்றிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பேன். சிலேட்டு நின்றது. மைப்பேனா, பால்பாயின்ட் பேனா, கால்குலேட்டர், லேப்டாப் எல்லாம் நின்றன. நான் மார்க்கையன்கோட்டைக்காரன். சின்னமனூருக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். கம்பம் பள்ளத்தாக்கிலேயே படித்து, இங்கேயே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளின் பைக்கட்டைப் பார்த்தே காலம் கழித்தேன். அதில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் எந்தக் காலத்திலும் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த கருவியை நம்பித்தான் நடந்திருக்கிறது. எந்த வீட்டால் எதை வாங்கித் தர முடிந்ததோ, அதை வைத்தே யார் எவ்வளவு தூரம் படிக்கலாம் என்பதும் தீர்ந்திருக்கிறது.

காசு கேட்காத கருவியாக இருந்தது மணல் ஒன்றுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகும். எங்கள் தாத்தாவுக்கு எழுத்து அப்படித்தான் வந்தது. ஆற்றில் அள்ளிய மணல். எழுதி, கையால் தடவி அழித்து, மறுபடி எழுத வேண்டியதுதான். இந்த மணல் கடல் கடந்தும் போனது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் விடுதியிலும் செய்து பார்த்தார். எழுத்து தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டார். அதன்பிறகு இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் மணல் தட்டுகள் வந்தன. 'மெட்ராஸ் முறை' என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கூடம் இன்றும் மெட்ராஸ் காலேஜ்தான்.

மணலோடு எல்லாருக்கும் படிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை மாகாணத்தில் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எத்தனை என்று 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ கணக்குக் கேட்டார். மாவட்டக் கலெக்டர்கள் அனுப்பியதைக் கூட்டியபோது பள்ளிகள் 12,498, படித்த பிள்ளைகள் 1,88,650 என்று வந்தது. அவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். திண்ணையில் ஏறவே விடாமல் சாதி நிறுத்திவைத்த பிள்ளைகள் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. கருவி இலவசமாக இருந்தும் இந்த நிலை.

மணல் முடிந்ததும் ஓலை. ஓலையை வீட்டில் தயார் செய்து கொண்டுவர வேண்டும். எழுத்தாணியும் சொந்தமாக இருக்க வேண்டும். குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி என்று அதில் வகை உண்டு. மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் கத்தி இருக்கும், ஓலை வார உதவும். இடது கையில் ஓலையைப் பிடித்து, வலது கையில் ஆணியைப் பிடித்துக் கீறினால் எழுத்து விழும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கோவை இலைச் சாறும் கரியும் மஞ்சளும் தடவினால்தான் எடுப்பாகத் தெரியும். புதுச் சுவடிக்கு இப்படி மையிட்டுப் படிப்பைத் தொடங்குவதற்கு மையாடல் என்றே ஒரு சடங்கு இருந்தது. இரும்பு ஆணி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையின் படிப்பு மணலோடு நின்றது.

அடுத்து வந்த சிலேட்டு என் தலைமுறையின் கருவி. அதுபற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். நல்ல கல் சிலேட்டு ஆந்திராவின் மார்க்காபுரத்திலிருந்து வரும். நான்கு பக்கமும் மரச்சட்டம், நடுவில் கறுப்பான பலகைக்கல் தகடு. எழுதக் குச்சி. சிலேட்டு வெளுத்துப்போனால் வேலியில் கோவை இலையைப் பறித்துக் கரித்தூளோடு கசக்கித் தேய்ப்போம்; காய்ந்ததும் மறுபடி கருக்கும். எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஓலைக்குப் பூசிய அதே இலை, அதே கரி. யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கை வழியாகவே வந்து சேர்ந்த பழக்கம் அது.

கல் சிலேட்டு கீழே விழுந்தால் போச்சு. எங்கள் வீட்டில் ஒரு சிலேட்டு விழுந்து இரண்டாக உடைந்தது. அப்பா புதுசு ஒன்று வாங்கி வந்தார். புதுசு எனக்கு. உடைந்ததில் பெரிய துண்டு அக்காவுக்கு. சட்டம் இல்லாத அந்தத் துண்டைத் தாவணித் தலைப்பில் பிடித்துக்கொண்டு, விளிம்பு கையைக் கிழிக்காமல் எழுதுவாள். என்னைவிட அவளுக்குத்தான் கணக்கு நன்றாக வரும். ஐந்தாம் வகுப்போடு நடவுக்குப் போய்விட்டாள். அப்பா கெட்டவர் இல்லை. ஒரு சிலேட்டு வாங்க மட்டும் காசு உள்ள வீட்டில் அதை ஆண்பிள்ளை கையில் கொடுப்பதே அந்தக் காலத்து நியாயம். அந்த நியாயம் மாறிவிட்டது என்று 2020 வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிலேட்டு போய் நோட்டு வந்தபோது பேனா வந்தது. எனக்கு மூத்தவர்கள் மைக்கூட்டில் தொட்டு எழுதினார்கள்; பழைய பெஞ்சுகளில் மைக்கூடு வைக்க வெட்டிய வட்டக் குழியை நானும் பார்த்திருக்கிறேன். பால்பாயின்ட் பேனா வந்த புதிதில் வாத்தியார்கள் அதை வகுப்புக்குள் விடவில்லை. கையெழுத்து கெட்டுவிடும் என்று பிடுங்கி மேசை டிராயருக்குள் போட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து, அதே வாத்தியார்களின் சட்டைப் பையிலேயே ரெனால்ட்ஸ் பேனா இருந்தது. ஒரு கருவியைத் தடுக்கப் பள்ளிக்கூடம் சொல்லும் காரணம் அந்தக் கருவி மலிவாகும்வரைதான் நிற்கும் என்பதை அதில் கண்டேன்.

கால்குலேட்டருக்கும் அதே கதை. பள்ளிக்கூடத்தில் பெருக்கலும் வகுத்தலும் மடக்கை அட்டவணையை வைத்துத்தான். பாலிடெக்னிக்குக்கோ என்ஜினியரிங்குக்கோ போனால் கேசியோ கால்குலேட்டர் வாங்கியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் நான் நடத்திய பையன்கள் சிலர் முதல் செமஸ்டரில் என்னிடம் வந்து, "சார், ஒரு கால்குலேட்டர் இருந்தாக் குடுங்க சார், பரீட்சை முடிஞ்சதும் தந்துர்றேன்" என்று நிற்பார்கள்.

வீட்டின் கையை நம்பாமல் அரசாங்கமே பிள்ளை கையில் பொருளைக் கொடுத்த வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டதனம். பாடப்புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள் வந்தன. பிறகு பை, ஜியாமெட்ரி பாக்ஸ், அட்லஸ், கலர் பென்சில் வந்தன. மதிய உணவுக்குத் தட்டு மட்டும் வீட்டிலிருந்து வந்த காலமும் எனக்கு நினைவிருக்கிறது. இவற்றின் உச்சம் லேப்டாப். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் போனது. நெல்லறுக்கப் போகும் வீட்டுப் பெண்பிள்ளை தன் பெயரில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதில் குறையும் இருந்தது. பல வருடம் அது பிளஸ் டூ முடியும் தறுவாயில்தான் கைக்கு வந்தது. பாடம் நடத்த அதை வகுப்பில் திறந்தது அபூர்வம். வீட்டில் பாட்டுப் பெட்டியாகப் போனது உண்டு, அடகுக்குப் போனதும் உண்டு. இருந்தாலும் ஒரு வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று என்று இரண்டு லேப்டாப் வந்தது இந்தத் திட்டத்தில்தான். உடைந்த துண்டு யாருக்கும் இல்லை.

2018இல் புதுப் பாடப்புத்தகம் வந்தது. நல்ல புத்தகம், மனதாரச் சொல்கிறேன். பாடத்துக்குப் பாடம் ஒரு கியூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். செல்போனில் தீக்‌ஷா செயலியைத் திறந்து காட்டினால் வீடியோ ஓடும். புத்தகத்தைப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவரலாம். அதைப் படிக்கும் போனைக் கொண்டுவரக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதான், வீட்டில் போன் இருந்தால். முதல் தடவையாக, அரசு கொடுத்த ஒரு பொருளைப் பயன்படுத்த வீட்டுக் காசில் இன்னொரு பொருள் தேவைப்பட்டது. யாரும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஜூன் 1ஆம் தேதியே விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கிவிட்டன. இங்கே முந்தின வருடம் ஆரம்பித்திருந்த கல்வித் தொலைக்காட்சியில் ஜூலையில் பாடங்கள் ஓடின. பிளஸ் டூ பிள்ளைகளின் லேப்டாப்பில் வீடியோ பாடங்களை ஏற்றிக் கொடுத்தோம். டிவி எல்லாருக்கும் பொது என்பதால் அது நல்ல ஏற்பாடு. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாது. அதனால் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஜூமிலும் கூகுள் மீட்டிலும் மணியடித்தது போல உட்கார்ந்தார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கை தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்து நடந்தது புரியும். இங்கே ஏராளமான குடும்பங்களுக்கு வருமானம் கேரள மலையில் இருக்கிறது. விடியும் முன்னே ஜீப் வரும். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஏறும். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பும். ஊரடங்கில் எல்லை மூடியிருந்தவரை அப்பா வீட்டில் இருந்தார், போனும் இருந்தது, ரீசார்ஜுக்குத்தான் காசில்லை. வேலை திரும்பியதும் காசு வந்தது, போன் மலையேறிவிட்டது. பகலில் ஏன் பதில் இல்லை என்று கேட்டால் பிள்ளைகள் ராத்திரி எட்டு மணிக்குமேல் குரலில் அனுப்புவார்கள்: "போன் அப்பாவோட ஏலத்தோட்டத்துக்குப் போயிருச்சு சார். இப்பத்தான் வந்துச்சு." அண்ணன் தம்பி தங்கச்சி மூவருக்கு ஒரு போன் என்றால் முதலில் அண்ணன் எழுதுவான். தங்கச்சி முறை வரும்போது சார்ஜ் இருக்காது. குழுவில் பெண்பிள்ளைகளின் பெயர்கள் மெல்லக் குறைந்துகொண்டே வந்தன. அக்காவின் சிலேட்டுத் துண்டு அன்றெல்லாம் கண்ணை விட்டுப் போகவேயில்லை.

இது எங்கள் பள்ளத்தாக்கில் மட்டும் நடந்ததில்லை. நாடு முழுவதும் கிராமங்களில் எடுக்கப்படும் 'ஏசர்' கணக்கெடுப்பில், பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் உள்ளவை 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். மூன்று வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு. கடன்பட்டு வாங்கிய போன் அதில் எத்தனையோ. ஆனால் அதே 2021 கணக்கில், போன் உள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதம் பேருக்கு அது கையில் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பது வேறு, பிள்ளை கைக்கு வருவது வேறு என்று வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் கண்டதை எண்ணாக எழுதிவைத்த கணக்கு அது.

2021 அக்டோபர் 27இல் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தார். கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். மறுபடி திண்ணைதான். கருவி எதுவும் இல்லாமல் பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்ததாலேயே பிள்ளைகள் படிப்புக்குத் திரும்பினார்கள்.

பள்ளிகள் முழுதாகத் திறந்தபின் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. போன் கொண்டுவந்தால் பறிமுதல், திருப்பித் தரமாட்டோம் என்று 2022இல் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் அறிவித்தார். பிரான்ஸ் 2018லேயே பள்ளியில் போனைத் தடுத்துச் சட்டம் போட்டிருந்தது. யுனெஸ்கோவும் 2023 அறிக்கையில், படிப்புக்கு உதவாத இடத்தில் போன் வேண்டாம் என்று எச்சரித்தது. பாடம் நடக்கும்போது பிள்ளை கையில் அதன் சொந்தப் போன் இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் இரண்டு கருத்து இல்லை. கவனம் போய்விடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. ஒவ்வொருவரும் தன் போனோடு வா என்று சொன்ன நிமிஷமே, நல்ல போன் உள்ளவன் முன் பெஞ்சுக்கும், அப்பாவின் பழைய போனைக் கெஞ்சி வாங்கிவந்தவள் பின் பெஞ்சுக்கும் போய்விடுவார்கள்.

ஆனால் தடை மட்டும் போதாது. போனை வாசலில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தில் கியூஆர் கோடு அச்சிடுவதும், வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் முறையாகாது. பாடத்துக்கு ஒரு கருவி தேவை என்றால் அது கரும்பலகையைப் போலப் பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். அது இருட்டிய பிறகும் திறந்திருக்கட்டும், ஏலத்தோட்டத்திலிருந்து போன் திரும்பும்வரை காத்திருக்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கட்டும். ஊராட்சியும் பேரூராட்சியும் நூலகத்தில் நான்கு கம்ப்யூட்டர் வைக்கலாம். கல்வித் துறையில் இருப்பவர்கள், முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் என் பழைய மாணவர்கள், எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்: ஏலத்தோட்டத்துக்கு ஜீப் போகும் ஊர்களில் இதை முதலில் செய்யுங்கள்.